என் குடலுக்கு வந்த ஆடிட்

1

எனக்கு ஐம்பது வயது ஆனதை எங்கள் வீட்டில் யாரும் கவனிக்கவில்லை. மனைவி ரேவதிக்கு அன்று முதியோர் இல்லத்தில் டபுள் டூட்டி. மகள் ஹர்ஷினிக்குப் பதினேழு வயது, காதில் எதையாவது மாட்டிக்கொண்டே இருப்பாள். ஞாபகம் வைத்துப் பரிசு அனுப்பியது இங்கிலாந்து அரசாங்கம் ஒன்றுதான்.

உறையைப் பிரித்தால் ஒரு பிளாஸ்டிக் குப்பி, அதற்குள் ஒரு குச்சி, படம் போட்ட ஒரு காகிதம். குச்சியால் மலத்தைக் கீறி, அதைக் குப்பியில் போட்டு, மூடி, தேதி எழுதித் தபாலில் அனுப்ப வேண்டுமாம். கண்ணுக்குத் தெரியாத ரத்தம் அதில் இருக்கிறதா என்று பார்ப்பார்களாம். திருப்பூரில் எத்தனையோ சாம்பிள் அனுப்பியிருக்கிறேன். காலர் சாம்பிள், சாய சாம்பிள், பட்டன் சாம்பிள். இப்படி ஒரு சாம்பிள் அனுப்புவேன் என்று நினைத்ததில்லை.

உறையின் மேல் என் பெயர் இல்லை. 'மிஸ்டர் ராமசாமி' என்று இருந்தது. அது என் அப்பா. பாஸ்போர்ட்டில் அப்பன் பெயரைப் பின்னால் போட்டதால் இங்கே எல்லாக் கடிதமும் அவருக்குத்தான் வரும். கரண்ட் பில் அவருக்கு, நூலகச் சீட்டு அவருக்கு. இப்போது மலப் பரிசோதனையும் அவருக்கே. அவர் ஐம்பத்து மூன்று வயதில் போய்ச் சேர்ந்தார். கடைசி இரண்டு வருடம் ரத்தமாகப் போனது. மூலம் என்றார்கள். துத்திக் கீரை வதக்கிக் கொடுத்தார்கள், நாட்டு மருந்து கொடுத்தார்கள். கடைசியில் அவரைத் தூக்கிக் காரில் வைக்க ஒரு ஆள் போதும் என்ற அளவுக்கு இளைத்துப்போனார்.

இருபது நாள் கழித்து அடுத்த கடிதம். ஹர்ஷினி படித்துச் சொன்னாள். "பிளட் இருக்காம்ப்பா. கேமரா விட்டுப் பார்க்கணுமாம்."

"எது வழியா?"

அவள் காதில் மாட்டியதைக் கழற்றாமலே சொன்னாள். "வாய் வழியா இல்ல."

2

நான் நாலாம் வகுப்பு. அதையும் முழுதாக முடிக்கவில்லை, வாத்தியாருக்கும் எனக்கும் ஒத்துவரவில்லை. ஆனாலும் திருப்பூர் பனியன் கம்பெனியில் எனக்கு ஒரு மரியாதை உண்டு. துணி செக்கிங்கில் நான் கெட்டிக்காரன். டியூப் லைட் வெளிச்சத்தில் துணி உருண்டு வரும்போது ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல் எது கண்ணில் பட்டாலும் அம்புக்குறி போட்ட சின்னச் சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டிவிடுவேன்.

அதைவிட இன்னொன்றில் நான் கெட்டிக்காரன். ஆடிட்டில் பதில் சொல்வதில்.

எங்களைச் சட்டப்படி வேலை வாங்குகிறார்களா என்று பார்க்க, பனியன் வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனியிலிருந்து ஆடிட் வந்தால் ஒரு வாரம் முன்பே எங்களுக்குப் பாடம் நடக்கும். மேனேஜர் எங்களை வரிசையாக நிற்க வைத்துக் கேள்வி கேட்பார்.

"ஓவர்டைம் எத்தன மணி நேரம்?"

"அதெல்லாம் இல்லீங்க."

"மாஸ்க் போடுவீங்களா?"

"எப்பவும் போடுவமுங்க."

"கம்பெனில ஏதாச்சும் குறை?"

இந்த இடத்தில்தான் மற்றவர்கள் மாட்டுவார்கள். ஒரு குறையும் இல்லை என்றால் சொல்லிக்கொடுத்தது தெரிந்துபோகும். மேனேஜர் எங்களுக்கு ஒரு வித்தை கற்றுத்தந்தார். சின்னக் குறை ஒன்றைச் சொல்ல வேண்டும். "சாம்பார்ல காரம் கொஞ்சம் எச்சாங்க" என்று முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு சொல்வேன். ஆடிட்டர் அம்மா உடனே குறித்துக்கொள்வாள். பெரிய உண்மையைக் கண்டுபிடித்த சந்தோஷம் அவள் முகத்தில் தெரியும். மற்றதையெல்லாம் நம்பிவிடுவாள்.

பதினாறு வருடத்தில் ஒரு ஆடிட்டிலும் நான் தோற்றதில்லை. அப்பாவி மூஞ்சி, அதற்குள் நாலாம் வகுப்பு மூளை. முன்வரிசையில் எனக்கென்றே இடம் ஒதுக்கி வைத்திருந்தார்கள்.

3

பிறகு ரேவதிக்கு இங்கே வேலை கிடைத்தது. வயதானவர்களைக் குளிப்பாட்டி, சோறூட்டி, தூங்க வைக்கிற வேலை. அவளோடு ஒட்டிக்கொண்டு நானும் வந்தேன். என் விசாவில் என் தகுதி, இன்னாருடைய புருஷன். இப்போது ஒரு கிடங்கில் வேலை செய்கிறேன். ஆட்கள் வாங்கிப் போட்டுப் பார்த்துப் பிடிக்காமல் திருப்பி அனுப்புகிற துணிகளைப் பிரித்து, நல்லது ஒரு கூடை, கெட்டது ஒரு கூடை என்று போட வேண்டும். கண்டம் தாண்டி வந்தும் செக்கிங்தான்.

கேமரா விடுவதற்கு முன் ஆஸ்பத்திரி நர்ஸ் போனில் கேள்வி கேட்பார். எனக்கு இங்கிலீஷ் 'தேங்க்யூ', 'சாரி', 'டூ மச் ரெயின்' வரைக்கும்தான். அதனால் நடுவில் மொழிபெயர்க்க ஒருவரைப் போட்டார்கள். யாழ்ப்பாணத்து அம்மா. மரியாதையான குரல். பின்னால் குக்கர் விசில் கேட்டது.

"ஐயா, வெட்கப்படாமல் சொல்லுங்கோ. மலத்தோட ரத்தம் போறதைக் கண்ணால கண்டிருக்கிறியளோ?"

"இல்லீங்க."

"எடை குறைஞ்சிருக்கோ?"

"இல்லீங்க." பெல்ட்டை இரண்டு துளை உள்ளே தள்ளிப் போட வேண்டியிருந்தது. அது பெல்ட்டின் குறை என்று எடுத்துக்கொண்டேன்.

"உங்கட குடும்பத்தில ஆருக்காவது குடல்ல புற்றுநோய் இருந்ததோ? அப்பா, அம்மா, சகோதரம்?"

இந்த இடத்தில் என் அக்கா சரசைப் பற்றிச் சொல்ல வேண்டும். திருமுருகன்பூண்டியில் இருக்கிறாள். எனக்கு இருக்கிற ஒரே கூடப்பிறப்பு. நாற்பத்து நாலு வயதில் கோயமுத்தூரில் அவளுக்கு ஆபரேஷன் நடந்தது. ஊருக்கெல்லாம் கர்ப்பப்பை ஆபரேஷன் என்று சொன்னாள். ஊரும் நம்பியது. எனக்கு மட்டும் போன் செய்து அழுதாள். குடலில் ஒரு அடி வெட்டி எடுத்துவிட்டார்கள் என்றாள். "பொம்பளப் புள்ளய வெச்சிருக்கறேன் பழனி. பொண்ணு கேட்டு வாறவங்க வியாதிக் குடும்பம்னு போயிருவாங்க. உம் பொண்டாட்டிகிட்டக் கூட மூச்சு விடாதே."

நான் விடவில்லை.

"இல்லீங்க. ஒருத்தருக்கும் இல்லீங்க" என்றேன் யாழ்ப்பாணத்து அம்மாவிடம். பிறகு பழக்க தோஷத்தில் சேர்த்துக்கொண்டேன். "ஆனா மலச்சிக்கல் கொஞ்சம் உண்டுங்க."

நர்ஸ் அதைக் குறித்துக்கொள்கிற சத்தம் கேட்டது. தட தட தட. ஆடிட் பாஸ்.

4

குடலைக் கழுவ ஒரு மருந்து அனுப்பியிருந்தார்கள். நெல்லிக்காயைக் கடல் தண்ணீரில் ஊற வைத்த மாதிரி ருசி. குடித்த பிறகு நடந்ததை எழுதினால் இதைப் படிக்கிறவர்கள் இனி என்னோடு உட்கார்ந்து காபி குடிக்க மாட்டார்கள்.

பின்பக்கம் திறந்த கவுன் ஒன்றைக் கொடுத்து ஒருக்களித்துப் படுக்கச் சொன்னார்கள். யாழ்ப்பாணத்து அம்மா போனில், ஸ்பீக்கரில். டாக்டர் சின்னப் பெண். எதிரில் பெரிய திரை.

திரையில் என் குடல் தெரிந்தது. ரோஸ் நிறத்தில், ஈரமாக, வளையம் வளையமாக. பனியன் துணியை மெஷினிலிருந்து குழாயாக எடுப்போமே, அதன் உள்ளே தலையை விட்டுப் பார்த்தால் எப்படியோ அப்படி. வலியை மறந்து வேடிக்கை பார்த்தேன். இருபது வருடத் தொழில் ஆயிற்றே.

அப்போது ஒரு 'டிங்'. திரையில் தானாக ஒரு பச்சைக் கட்டம் தோன்றியது.

"அது என்னங்க?" என்றேன்.

யாழ்ப்பாணத்து அம்மா டாக்டரிடம் கேட்டுச் சொன்னாள். "கம்ப்யூட்டரும் கூடப் பாக்குதாம் ஐயா. சந்தேகமான இடத்தைக் கட்டம் போட்டுக் காட்டுமாம்."

என் சிவப்பு ஸ்டிக்கர் வேலையைப் பறித்துக்கொண்டதே என்று பொறாமையாக இருந்தது. ஆனால் முதல் கட்டம் வெறும் நீர்க்குமிழி. அடுத்தது ஒட்டிக்கிடந்த ஏதோ துணுக்கு. டாக்டர் தண்ணீர் அடித்துக் கழுவினார். நான் மனதுக்குள் சிரித்தேன். புதுச் செக்கர்கள் இப்படித்தான், நூல் தும்பைப் பார்த்தாலும் ஓட்டை என்று கத்துவார்கள்.

கேமராக் குழாயை வெளியே எடுத்துக்கொண்டு வரும்போது, கடைசி வளைவில், மூன்றாவது கட்டம். இந்த முறை அது நகரவில்லை. ஒரு கொத்தமல்லி விதை அளவுக்குச் சதைமேடு. டாக்டர் வெளிச்சத்தை நீலமாக மாற்றிக் கிட்டத்தில் போனார். கட்டத்துக்கு மேல் ஏதோ எழுத்து வந்தது.

டாக்டர் நிதானமாகப் பேசினார். யாழ்ப்பாணத்து அம்மா அதே நிதானத்தில் சொன்னாள். "இப்பிடியான சின்னக் கட்டியள் ரெண்டு வகையாம் ஐயா. ஒண்டு, விட்டால் பிறகு புற்றுநோயாய் மாறக்கூடியது. அதை வெட்டி எடுப்பினம். மற்றது சும்மா இருக்கிறது. கம்ப்யூட்டர் இதைச் சும்மா இருக்கிற வகை எண்டு சொல்லுதாம். டாக்டருக்கும் அப்பிடித்தான் தெரியுதாம். விட்டுவிடலாம் எண்டுறா."

"சந்தோசமுங்க."

"ஆனால் கம்ப்யூட்டர் படத்தை மட்டும்தான் பாக்குமாம். உங்களைப் பற்றி அதுக்கு ஒண்டும் தெரியாது. அதனால திரும்பவும் கேக்கிறா. குடும்பத்தில ஒருத்தருக்கும் இல்லைத்தானே?"

குழாய் இன்னும் உள்ளேதான் இருந்தது. மூஞ்சி சுவரைப் பார்த்து இருந்தது. உண்மை சொல்வதற்கு உலகத்தில் இதைவிட வசதியான நேரம் யாருக்கும் கிடைத்திருக்காது.

"இல்லீங்க" என்றேன்.

5

நல்ல செய்தி கடிதமாக வந்தது. மிஸ்டர் ராமசாமிக்கு ஆபத்தாக ஒன்றும் இல்லை. ஒரு சின்னது இருந்தது, அது தொந்தரவு தராத வகை, எடுக்கவில்லை. எல்லோரையும் போல இரண்டு வருடம் கழித்து மறுபடி குப்பியும் குச்சியும் வரும். ரேவதி கேசரி கிண்டினாள்.

ஒரு வாரம் நிம்மதியாக இருந்தேன். பிறகு கிடங்கில் ஒரு டி-சர்ட் கைக்கு வந்தது. கருநீலம். முன்பக்கம் மேலிருந்து கீழே மயிரிழை போல ஒரு கோடு. பிரித்த உடனே தெரிந்துவிட்டது, நீடில் லைன். பின்னுகிற மெஷினில் ஒரு ஊசி கொஞ்சம் வளைந்திருந்தால் வருவது. கெட்ட கூடையில் எறிந்தேன்.

சூப்பர்வைசர் ஓடி வந்து அதை எடுத்தான். உள்ளே இருந்த லேபிளைத் திருப்பி எந்தத் தொகுதியில் தைத்தது என்று காட்டும் லாட் நம்பரைப் பார்த்துக் கம்ப்யூட்டரில் அடித்தான். அந்த நம்பரில் இருந்த அத்தனை டி-சர்ட்டும் அலமாரியிலிருந்து இறங்கி வந்தது. பிரித்துப் பார்த்தோம். நிறையப் பீஸ் பார்வைக்கு நன்றாகவே இருந்தது. அதையும் தனியே வைக்கச் சொன்னான்.

எனக்கு இது புதுசா? திருப்பூரில் நானே எத்தனை முறை செய்திருக்கிறேன். ஓட்டை என்றால் அந்த இடத்தோடு போச்சு. ஊசி கெட்டிருந்தால் அந்த மெஷினில் ஓடிய எல்லாத் துணி ரோலையும் பிரித்தாக வேண்டும். சாயம் போடாத துணியில் சில சமயம் கோடு தெரியவே தெரியாது, சாயம் ஏறின பிறகுதான் எழும்பும். அதனால்தான் ஒவ்வொரு ரோலிலும் மெஷின் நம்பர் எழுதிய சீட்டு ஒன்று கட்டியிருக்கும். சீட்டு இல்லாத ரோலை நான் தொட மாட்டேன். "சீட்டு எங்கடா?" என்று கத்திக் கலாட்டா செய்திருக்கிறேன்.

அந்தப் பச்சைக் கட்டம் போட்ட கம்ப்யூட்டர் நல்ல செக்கர்தான். சின்னப் பெண் டாக்டரும் நல்ல செக்கர்தான். தன் கண்ணை நம்பாமல் இரண்டாம் தடவையும் சீட்டு எங்கே என்று கேட்டாள். ரோல்தான் தன் சீட்டைக் கிழித்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, இங்கிலாந்து அரசாங்கத்தின் செலவில் படுத்துக்கிடந்தது.

அன்று மதியம் ரேவதி கட்டிக்கொடுத்த தக்காளிச் சோறு இறங்கவில்லை. அப்பா ஐம்பத்து மூன்று. அக்கா நாற்பத்து நாலு. நான் ஐம்பது. கணக்கில் நான் வீக் என்றாலும் இது புரிந்தது.

6

சரசக்காவுக்குப் போன் செய்தேன். அவள் வீட்டுக்குப் பக்கத்தில் சிலை செதுக்குகிற பட்டறை. எப்போது பேசினாலும் பின்னால் உளிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும்.

"ஏங்க்கா, உன்ற ஆபரேசன் விசயத்த இங்க ஆஸ்பத்திரில சொல்லிப்போடலாம்னு இருக்கறேன்."

"எதுக்கு சாமி? உனக்குத்தான் ஒண்ணுமில்லேன்னு கடுதாசி வந்துருச்சே."

"நான் பொய் சொல்லி வாங்குன கடுதாசிக்கா அது."

அவள் குரல் தாழ்ந்தது. "கீர்த்தனாவுக்கு இப்பத்தான் ஊத்துக்குளில நிச்சயம் பண்ணிருக்குது. மாப்ள ஊட்டுக்காரங்க ஆளு விட்டு விசாரிக்கறவங்க. கல்யாணம் முடியட்டும். அப்பறம் மைக்கு வெச்சுச் சொல்லு."

"இங்கிலாந்து ஆஸ்பத்திரில சொன்னா ஊத்துக்குளிக்கு எப்புடிக்கா கேக்கும்?"

"உனக்கு ஒண்ணுன்னா ரேவதி கேப்பா. ரேவதி அவங்கம்மாகிட்டச் சொல்லுவா. அவங்கம்மா சந்தைக்குப் போவா." அக்கா படிக்காவிட்டாலும் நெட்வொர்க் தெரிந்தவள். "நீ எப்பவுமே வெளையாட்டுப் பையன்டா. இதுல வெளையாடாதே. என்ற புள்ள பொளப்பு."

"என்ற பொளப்புங்க்கா?"

உளிச் சத்தம் சட்டென்று நின்றது. போனை வைத்துவிட்டாள்.

ஐந்து நாள் யோசித்தேன். கொத்தமல்லி விதை அளவு சதைமேடு சும்மா இருக்கிறதா, சும்மா இருக்கிற மாதிரி நடிக்கிறதா என்று வயிற்றைத் தடவித் தடவிப் பார்த்தேன். அது என் வயிற்றில் பிறந்தது. அதுவும் ஆடிட்டில் நன்றாகத்தான் பதில் சொல்லியிருக்கும்.

7

ஆறாம் நாள் காலை ரேவதி வேலைக்குப் போய்விட்டாள். பள்ளி விடுமுறை என்பதால் ஹர்ஷினி சமையலறை மேசையில் உட்கார்ந்து நூடுல்ஸ் தின்றுகொண்டிருந்தாள். காதில் வழக்கம்போல் மாட்டல். அவளுக்குத் தமிழ் பாதிக்கு மேல் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டிருந்ததால் அவள் எதிரிலேயே ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். பிறந்த தேதி சொல்லி, முகவரி சொல்லி, 'தமிழ், தமிழ்' என்று கேட்டு, மிஸ்டர் ராமசாமி நான்தான் என்று மூன்று பேரிடம் ஒப்புக்கொண்டு, காத்திருக்கச் சொல்லிப் போட்டுவிட்ட பியானோவை இருபது நிமிடம் கேட்ட பிறகு நர்ஸும் மொழிபெயர்ப்பாளரும் வந்தார்கள். இந்த முறை வேறு குரல். சென்னைப் பையன்.

"சொல்லுங்க சார், என்ன விஷயம்?"

"போன தடவ குடும்பத்துல யாருக்கும் இல்லேன்னு சொன்னேனுங்க. அது பொய்யிங்க."

அவன் அதை அப்படியே மொழிபெயர்த்தான். நர்ஸ் ஒன்றும் திட்டவில்லை. யாருக்கு, எத்தனை வயதில் என்று கேட்டாள்.

"என்ற அக்காவுக்கு நாப்பத்து நாலுல, குடல்ல. அப்பனுக்கு ஐம்பத்தொண்ணுல ஆரம்பிச்சதுங்க. மூலம்னு சொன்னாங்க. மூலமா இருந்திருக்காதுங்க. ரத்தம் எனக்கும் போச்சுங்க, நாலஞ்சு தடவ. எடையும் கொறஞ்சிருக்குது." மூடியைத் திறந்துவிட்டால் நிற்காது போல. குடல் கழுவுகிற மருந்தில் கடைசி இரண்டு டம்ளரைக் குடிக்காமல் சிங்கில் ஊற்றியதைக்கூடச் சொல்லிவிட்டேன்.

நர்ஸ் சொன்னதைப் பையன் பிட்டுப் பிட்டுச் சொன்னான். டாக்டரிடம் இன்றே சொல்வார்களாம். எடுத்த படங்களை மறுபடி பார்ப்பார்களாம். சீக்கிரமே மறுபடி குழாய் விட வேண்டியிருக்கும், அந்தச் சின்னதையும் எடுத்து லேபுக்கு அனுப்புவார்கள் என்று நினைக்கிறாள். குடும்ப வழியில் வருவதைப் பார்க்கிற டாக்டர்கள் தனியாக இருக்கிறார்கள், அங்கேயும் அனுப்புவார்கள். "அதுக்கு உங்க அக்காவோட ஆபரேஷன் ரிப்போர்ட் வேணுமாம் சார். வாங்க முடியுமா?"

"கஷ்டமுங்க."

"உங்களுக்குப் பசங்க இருக்காங்களா சார்?"

தலையைத் தூக்கினேன். ஹர்ஷினியின் காதில் ஒன்றும் இல்லை. எப்போது கழற்றினாள் என்று தெரியவில்லை. நூடுல்ஸ் ஆறிக்கொண்டிருந்தது.

"சரசு அத்தைக்கு யூட்ரஸ்னுதானே சொன்னீங்க?" என்றாள். சுத்தமான தமிழ். குற்றம் சாட்டுவதற்கு மட்டும் அவளுக்குத் தமிழ் போகவில்லை.

நான் வாயைத் திறப்பதற்குள் போனை வாங்கிக்கொண்டாள். நர்ஸிடம் இங்கிலீஷில் பேச ஆரம்பித்தாள். சென்னைப் பையனுக்கு வேலை இல்லாமல் போனது. இரண்டு பேரும் என் குடலைப் பற்றி, என் அப்பாவைப் பற்றி, ஒருவேளை அவளைப் பற்றியும் பேசினார்கள். எனக்கு நாலு சொல்லில் ஒரு சொல் புரிந்தது. கையில் இருந்த பேனாவால் அவள் உள்ளங்கையிலேயே எழுதிக்கொண்டாள்.

வைத்ததும் கேட்டேன். "உனக்கும் பார்க்கோணுமாமா கண்ணு?"

"இப்ப இல்ல. உங்களுக்குப் பாத்துட்டு அப்பறம்." கண்ணைத் துடைத்தாள். "அத்தை நம்பர் குடுங்க."

"அத்தை திட்டுவாடா."

"குடுங்கப்பா."

மூன்றாவது மணியில் எடுத்த சரசக்கா, ஹர்ஷினியின் குரலைக் கேட்டதும் ஸ்பீக்கரில் கூவினாள். "அதிசயமா இருக்குது! அம்மிணி, நல்லாருக்கறயா?"

"அத்தை, அப்பாவுக்குள்ள ஒண்ணு இருக்கு. அது என்னன்னு தெரிய உங்க ஆபரேஷன் பேப்பர் வேணும். குடல் ஆபரேஷன் பேப்பர்."

உளிச் சத்தம். டக், டக், டக்.

"அது கர்ப்பப்பைங் கண்ணு…" என்று ஆரம்பித்தாள் அக்கா. என் ரத்தமல்லவா, பதில் தயாராக இருந்தது. ஆனால் பாதியில் நின்றுவிட்டது. "உங்கப்பனுக்கு ரொம்ப முடியலியா?"

"தெரியல அத்தை. அதுக்குத்தான் கேக்கறேன். கீர்த்தனா அக்காவும் பாத்துக்கணும்னு நர்ஸ் சொன்னாங்க."

அந்தப் பக்கம் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. உளிச் சத்தம் தூரமானது.

"அது எனக்குத் தெரியுங் கண்ணு" என்றாள் சரசக்கா. "கோயமுத்தூர் டாக்டரு அன்னிக்கே சொன்னாரு. அதுலருந்து அவ பாத்ரூம் போனாக்கூட நேரம் பாத்துட்டே இருக்கறேன்."

லைன் துண்டித்தது. ஹர்ஷினி மறுபடி அடித்தாள். எடுக்கவில்லை. நூடுல்ஸைக் குப்பையில் கொட்டிவிட்டு அவள் என் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். நாங்கள் இரண்டு பேரும் போனைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஒரு மணி நேரம் கழித்து வாட்ஸப்பில் ஆறு படங்கள் வந்தன. ரிப்போர்ட்டுகள். மடித்து மடித்து எங்கேயோ அடியில் வைத்திருந்ததால் காகிதம் நிமிராமல் சுருண்டிருந்தது. ஹர்ஷினி ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் படித்தாள். நான் எழுத்தைப் பார்க்கவில்லை. காகிதத்தின் ஓரத்தை யாரோ பிடித்து நிமிர்த்தியிருந்தார்கள். அது அக்காவின் கை இல்லை. சின்னப் பெண்ணின் கை, விரலில் நிச்சயதார்த்த மோதிரம் புத்தம் புதிதாக இருந்தது.